வெள்ளிக்காசும் அதன் விலையும்: பண்டைய கிரேக்க நாணயங்களின் வரலாற்றுப் பின்னணி

தமிழ்த் திருமறையின் பழைய மொழிபெயர்ப்பில் 'வெள்ளிக்காசு' என்னும் சொல்லைப் பல இடங்களில் காண்கிறோம். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி ஒரு பெண் தேடுவது வெள்ளிக்காசு (லூக்கா 15:8). யூதாசுக்குக் கொடுக்க உடன்பட்டதும் வெள்ளிக்காசு (மத்தேயு 26:15). எபேசு நகரில் சுட்டெரிக்கப்பட்ட மாயவித்தை நூல்களின் மதிப்பும் வெள்ளிக்காசிலேயே கணக்கிடப்படுகிறது (அப்போஸ்தலர் 19:19). ஆனால் கிரேக்க மூலத்தில் முதலாவது இடத்தில் 'திரக்மா' என்னும் திட்டவட்டமான நாணயப் பெயர் உள்ளது; புதிய ஏற்பாட்டில் அப்பெயர் தனித்து வருவது அவ்விடத்தில் மட்டுமே. மற்ற இரண்டிலும் வெள்ளி என்னும் பொதுப்பெயரே நிற்கிறது. மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்ட இக்காசுகளுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிவது பழம்பொருள் ஆர்வலர்க்கு மட்டும் உரியதன்று. காசு எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பால் வந்தது, யாருடைய ஆட்சிக்குத் துணைநின்றது என்பவற்றை அறியாமல், காசைப்பற்றிப் பேசும் திருமறைப் பகுதிகளை முழுமையாக விளக்கிவிட இயலாது. ஆகவே கிரேக்க வெள்ளி நாணயங்களை, குறிப்பாக ஏதென்ஸ் நகரத்து நாணயங்களை, இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நாணயம் தோன்றிய விதம்

நாணயம் தோன்றுமுன்னரே வெள்ளி பணமாக வழங்கியது. பாபிலோனிலும் கானான் நாட்டிலும் வெள்ளியைத் தராசில் நிறுத்தே கொடுத்தனர். மக்பேலாக் குகைக்காக ஆபிரகாம் வெள்ளியை நிறுத்துக்கொடுத்ததாக ஆதியாகமம் 23ஆம் அதிகாரம் கூறுவது இவ்வழக்கத்தையே. 'சேக்கல்' என்பது முதலில் ஓர் எடையின் பெயர். பின்னரே அது ஒரு நாணயத்தின் பெயராயிற்று.

ஒரே எடையுள்ள உலோகத் துண்டில் முத்திரை பதித்து வழங்கும் முறை கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்ன ஆசியாவின் மேற்கிலுள்ள லீதியா நாட்டிலும், அதனை அடுத்த கிரேக்க நகரங்களிலும் தோன்றியது. அந்த முதல் நாணயங்கள் பொன்னும் வெள்ளியும் கலந்த 'எலெக்ட்ரம்' என்னும் உலோகத்தாலானவை. அவற்றுள் மிகப் பழமையானவை சில எபேசு நகரத்து அர்த்தெமி கோயிலின் அடித்தளத்தில் 1904-1905ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்தன. பவுலடியார் காலத்தில் தெமேத்திரியு என்னும் தட்டான் எக்கோயிலின் பெயரால் பிழைப்பு நடத்தினானோ, அதே கோயில்தான் நாணய வரலாற்றின் தொடக்கத்திலும் நிற்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் லீதியா மன்னன் குரோசஸ் காலத்தில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் தனித்தனி நாணயங்கள் வழங்கலாயின.

கிரேக்க நகரங்கள் வெள்ளியையே பெரிதும் தெரிந்துகொண்டன. ஈஜினா தீவினர் தங்கள் நாணயத்தில் கடலாமையைப் பொறித்தனர். கொரிந்து நகரத்தார் பெகாசஸ் என்னும் சிறகுள்ள குதிரையைப் பொறித்தனர். ஒவ்வொரு நகரமும் தன் தெய்வத்தையோ தனக்குரிய சின்னத்தையோ காசில் பதித்து, 'இந்த எடைக்கும் தூய்மைக்கும் நாங்கள் பொறுப்பு' என உறுதி கூறிற்று.

காசு அடிக்கும் முறை எளியது. ஆயினும் கைத்திறன் வேண்டியது. எடை பார்த்து வார்த்த வெள்ளி வில்லையைச் சூடாக்கி, பட்டறைக்கல்லில் பொருத்தப்பட்ட கீழ் அச்சின்மேல் வைப்பர். மேல் அச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். இரு பக்கத்து உருவங்களும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். அடியை நேரே ஏற்கும் மேல் அச்சு விரைவில் தேய்ந்து உடையும். கீழ் அச்சு அதைவிட நீண்ட நாள் உழைக்கும். அச்சுகள் எவ்வாறு மாறி மாறி இணைந்துள்ளன என்பதைக்கொண்டே இன்றைய ஆய்வாளர் நாணயங்களைக் கால வரிசைப்படுத்துகின்றனர்.

2. திரக்மாவும் தாலந்தும்

கிரேக்கப் பண அளவுகளின் பெயர்கள் பழைய வாழ்க்கை முறையைக் காட்டுகின்றன. 'ஒபல்' என்பதற்கு இறைச்சி வாட்டும் இரும்புக்கம்பி என்பது மூலப்பொருள். 'திரக்மா' என்பதற்கு ஒரு கைப்பிடி என்பது பொருள். ஆறு கம்பிகள் ஒரு கைப்பிடி. அவ்வாறே 6 ஒபல்கள் 1 திரக்மா. ஆர்கோஸ் நகரத்தருகே ஹேரா கோயிலில் காணிக்கையாக வைக்கப்பட்ட இரும்புக்கம்பிக் கட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது இதற்குச் சான்றாகும். 100 திரக்மா 1 மினா. 60 மினா 1 தாலந்து. எனவே ஒரு தாலந்து 6,000 திரக்மாவுக்குச் சமம். ஏதென்ஸ் அளவில் ஒரு திரக்மா ஏறத்தாழ 4.3 கிராம் வெள்ளி. ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோகிராம். தாலந்தும் மினாவும் நாணயங்கள் அல்ல. அவை எடைகளும் கணக்கு அளவுகளுமேயாம். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'ராத்தல்' என்று குறிப்பிடுவது மினாவையே.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸின் எரெக்தியோன் கோயிற் கட்டடக் கணக்குகள் கல்லில் வெட்டப்பட்டன. அவற்றின்படி அங்கு வேலை செய்தோர்க்கு நாட்கூலி பெரும்பாலும் ஒரு திரக்மா. குடிமகனுக்கும், அயலூரானுக்கும், அடிமைக்கும் கூலி ஒன்றே. ஆனால் அடிமையின் கூலி அவன் எஜமானனைச் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டுக் காலத்தில் திரக்மா, ரோமரின் தெனாரியத்துக்கு ஏறத்தாழ ஈடாக வழங்கிற்று. திராட்சத்தோட்டக்காரன் உவமையில் ஒரு தெனாரியமே ஒருநாட் கூலி (மத்தேயு 20:2). ஆகவே லூக்கா 15இல் அப்பெண் இழந்தது பத்து நாள் உழைப்பில் ஒருநாள் உழைப்பு. கையிருப்பில் பத்தில் ஒன்று தொலைந்த ஏழையின் பதற்றமே அவ்வுவமையின் உயிர்நாடி.

3. ஏதென்ஸின் ஆந்தை

திருமறை வழக்கில் அத்தேனே எனப்படும் ஏதென்ஸ் நகரம், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனக்கென்று ஒரு நாணயத்தை வகுத்துக்கொண்டது. நான்கு திரக்மா மதிப்புள்ள இந்நாணயம் ஏறத்தாழ 17.2 கிராம் எடையுடையது. ஒரு பக்கத்தில் தலைச்சீராவணிந்த அத்தேனா தேவியின் முகம். மறுபக்கத்தில் அத்தேவிக்குரிய ஆந்தை, ஓர் ஒலிவக்கிளை, ஏதென்ஸ் மக்களைக் குறிக்கும் மூன்று எழுத்துக்கள். பாரசீகப் போருக்குப் பின் தலைச்சீராவில் ஒலிவ இலைகளும், ஆந்தையின் அருகே பிறைநிலவும் சேர்ந்தன. மக்கள் இக்காசை 'ஆந்தை' என்றே அழைத்தனர். தேவையற்ற இடத்துக்கு ஒன்றைக் கொண்டுபோவதற்கு நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்போம். கிரேக்கர் 'ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது' என்றனர்.

எகிப்து முதல் பாரசீகம் வரை இக்காசு செலாவணியாயிற்று. அயல்நாடுகளில் கிடைத்துள்ள ஆந்தைக் காசுகள் பலவற்றில் உளியால் வெட்டிய தழும்புகள் உள்ளன. உள்ளும் வெள்ளிதானா என்று சோதித்ததன் அடையாளம் அது. எகிப்திலும் காசாவிலும் இதனைப் பின்பற்றி உள்ளூரிலேயே காசடித்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், பாரசீக ஆட்சிக்குட்பட்ட யூதேயா மாநிலத்திலும் மிகச் சிறிய வெள்ளிக்காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் ஏதென்ஸின் ஆந்தையும், அதனருகில் 'யெகூத்' என்னும் மாநிலப் பெயரும் காணப்படுகின்றன. எஸ்றா, நெகேமியா என்போரின் சீர்திருத்த மரபு வழங்கிய அந்நாட்டிலேயே, அயல் தேவியின் பறவை காசில் ஏறி வந்தது நம் சிந்தனைக்குரியது. வாணிபம் வகுத்த வழக்கத்தைச் சமய எல்லைகள் எளிதில் தடுத்துவிடவில்லை.

4. லௌரியோன் சுரங்கங்கள்

ஏதென்ஸுக்கு இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது? நகரத்தின் தென்கிழக்கே கடலோரமாயுள்ள லௌரியோன் குன்றுகளிலிருந்து வந்தது. கி.மு. 483ஆம் ஆண்டளவில் அங்கு வளமிக்க புதிய வெள்ளிப்படுகை கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வருவாயைக் குடிமக்களுக்குத் தலைக்குப் பத்துத் திரக்மா வீதம் பகிர்ந்தளிக்க எண்ணியிருந்தனர் என்று எரோடோட்டஸ் எழுதுகிறார். தெமிஸ்டோக்கிளிஸ் என்னும் தலைவர் அதைத் தடுத்து, அப்பணத்தில் போர்க்கப்பல்கள் கட்டும்படி மக்களை இணங்கச் செய்தார். அக்கப்பற்படையே கி.மு. 480ஆம் ஆண்டு சலாமிஸ் நீரிணையில் பாரசீக மன்னன் செர்க்சஸின் படையை முறியடித்தது. எஸ்தர் நூலில் வரும் அகாஸ்வேரு என்று பொதுவாகக் கருதப்படுபவன் இம்மன்னனே.

வெற்றியின் கதை பலரால் எழுதப்பட்டது. வெள்ளியை வெட்டியவர் கதையை எழுதியவர் இலர். லௌரியோனில் வெள்ளி தனியே கிடைப்பதில்லை. ஈயத் தாதுவுக்குள் மிகச் சிறிதளவே கலந்திருக்கும். நிலத்தைச் செங்குத்தாகக் குடைந்து, சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கினர். அங்கிருந்து பக்கவாட்டில் சென்ற குகைவழிகள் பல ஒரு மீட்டர் உயரமும் இல்லாதவை. முழந்தாளிட்டோ படுத்தோ உளியால் பாறையை உடைக்க வேண்டும். சிறு எண்ணெய் விளக்கே வெளிச்சம். வெட்டிய தாதுவை இடித்து, அரைத்து, சாய்ந்த கல்மேடைகளில் நீரோட்டத்தில் கழுவி, உலையில் உருக்கி, ஈயத்தைப் புடமிட்டு நீக்கினால் அடியில் வெள்ளி நிற்கும். அந்த ஈயப்புகை தொழிலாளரின் உடலை அழித்தது. கிரேக்க, ரோமக் காலத்து உலைகளின் ஈயம் கிரீன்லாந்தின் பனிப்படலத்திலும் படிந்துள்ளது என்று 1994இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் அடிமைகள். ஏதென்ஸின் படைத்தலைவரான நிக்கியாஸ் தமக்குரிய 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஒபல் வீதம் வாடகைக்கு விட்டிருந்தார் என்று செனபோன் தெரிவிக்கிறார். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது வாடகைக்கு எடுத்தவனின் பொறுப்பு. இறந்தவனுக்குப் பதில் இன்னொருவனை நிரப்ப வேண்டும் என்பதே இந்நிபந்தனையின் பொருள். இக்கணக்கின்படி அவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 தாலந்து வருமானம் கிடைத்திருக்கும். நிக்கியாஸ் தெய்வபக்தி மிகுந்தவர் என்று தம் காலத்தவரால் போற்றப்பட்டவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. செனபோனோ இதனைக் கண்டிக்கவில்லை. குடிமகன் ஒருவனுக்கு மூன்று அடிமைகள் என்னும் அளவில் அரசே அடிமைகளை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் திட்டமும் வகுத்தார்.

5. வரிப்பணமும் பேரரசும்

பாரசீகரை எதிர்க்கும் நோக்கத்தோடு கி.மு. 478-477இல் கிரேக்க நகரங்கள் பல ஏதென்ஸின் தலைமையில் ஒன்றுகூடின. தேலோஸ் தீவில் பொதுக் கருவூலம் அமைத்தனர். முதல் ஆண்டு வரி 460 தாலந்து என்று துசிடிடீஸ் கூறுகிறார். கி.மு. 454இல் அக்கருவூலம் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நகரமும் செலுத்திய வரியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது தாலந்துக்கு ஒரு மினா, அத்தேனா தேவிக்குரியதெனப் பிரிக்கப்பட்டது. அக்கணக்கு கல்லில் பொறிக்கப்பட்டது. அதன் துண்டுகள் இன்றும் உள்ளன. தோழமை நகரங்களும் ஏதென்ஸின் நாணயம், எடை, அளவை ஆகியவற்றையே வழங்கவேண்டும் என்னும் ஆணையொன்றும் பிறந்தது. அவ்வாணை எவ்வாண்டு பிறந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதன் நோக்கத்தில் ஐயமில்லை. தற்காப்புக்கெனத் தொடங்கிய கூட்டணி பேரரசாயிற்று. அதற்கு இணங்க மறுத்த மேலோஸ் தீவின் ஆண்மக்களை ஏதென்ஸார் கி.மு. 416-415இல் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றனர்.

கி.மு. 431இல் ஸ்பார்த்தாவோடு போர் தொடங்கியபோது ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் 6,000 தாலந்து வெள்ளி நாணயம் இருப்பில் இருந்ததாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். மத்தேயு 18:24இல் வரும் ஊழியக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து. தாலந்தின் அளவு காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியது உண்மையே. ஆயினும் ஒரு பேரரசின் சேமிப்பு முழுவதையும் விஞ்சும் கடன் அது என்பதை நாம் உணரலாம். அது ஆறு கோடி நாட்களின் கூலி. அவனுடைய உடன்வேலைக்காரன் பட்டதோ நூறு நாட்களின் கூலி. உவமையின் ஆற்றல் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

கி.மு. 413இல் ஸ்பார்த்தர் ஏதென்ஸின் எல்லைக்குட்பட்ட தெகெலேயாவில் பாளையமிட்டபோது, 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினர். லௌரியோனில் வேலை செய்தோர் பலர் அவருள் இருந்திருக்கலாம். சுரங்கத் தொழில் நலிந்தது. வெள்ளி வரத்து குறைந்தது. போரின் இறுதியில் வெற்றித் தேவியின் பொற்சிலைகளை உருக்கிப் பொற்காசு அடித்தனர். பின்னர் செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய காசுகளையும் வெளியிட்டனர். கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இதைக் குறித்து எள்ளி நகையாடினார். நல்ல பழங்காசை ஒதுக்கிவிட்டுப் புதிய செப்புக்காசைக் கையாளும் நகரம், நல்ல மனிதரையும் அவ்வாறே ஒதுக்குகிறது என்பது அவர் கருத்து. மறு ஆண்டு ஏதென்ஸ் வீழ்ந்தது.

6. உரைத்தறிதல்

காசின் உண்மையைச் சோதிப்பது பற்றிய சட்டமொன்று பொறிக்கப்பட்ட கல், 1970ஆம் ஆண்டு ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் கண்டெடுக்கப்பட்டது. அது கி.மு. 375-374க்குரியது; நிக்கோபோன் என்பவர் முன்மொழிந்தது. அதன்படி, பணம் மாற்றுவோரின் மேசைகளிடையே ஒரு சோதனையாளர் அமர்ந்திருக்க வேண்டும். அவர் ஏற்ற ஆந்தைக் காசை வணிகர் மறுக்கக்கூடாது. மறுத்தால் சரக்கு பறிமுதலாகும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அவர் அக்காசை அங்கேயே இரண்டாக வெட்டிவிடுவார். அச்சோதனையாளர் ஓர் அரசாங்க அடிமை என்பது வியப்புக்குரியது. அவர் கடமை தவறினால் தண்டனை ஐம்பது சாட்டையடி. நகரத்தின் நாணயத்துக்கே நீதிபதியாய் அமர்ந்தவனுக்குத் தன் உடல்மீது உரிமையில்லை.

அச்சோதனையாளருக்குக் கிரேக்கத்தில் 'தொகிமாஸ்டேஸ்' என்று பெயர். சோதித்து ஏற்கப்பட்டது 'தொகிமோஸ்', தள்ளப்பட்டது 'அதொகிமோஸ்'. பவுலடியார் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லும்போதும் (1 தெசலோனிக்கேயர் 5:21), தேவனுடைய சித்தத்தைப் பகுத்தறியும்படி சொல்லும்போதும் (ரோமர் 12:2), தாம் ஆகாதவராய்ப் போகாதபடி என்று அஞ்சும்போதும் (1 கொரிந்தியர் 9:27) இச்சொற்குடும்பத்தையே ஆளுகிறார். எரேமியா 6:30இல் தள்ளப்பட்ட வெள்ளி என்று வரும் இடத்திலும் கிரேக்க மொழிபெயர்ப்பு இதே வேர்ச்சொல்லைக் கையாளுகிறது. எபிரெயர் 1:3இல் குமாரனைக் குறிக்கும் 'கரக்டேர்' என்னும் சொல், அச்சினால் பதிந்த உருவத்தைக் குறிக்க நாணயத் தொழிலிலும் வழங்கியது. இயேசு பெருமான் தேவாலயத்தில் கவிழ்த்த காசுக்காரரின் 'திரபெட்சா', நிக்கோபோனின் சட்டத்தில் வரும் அதே மேசைதான்.

இன்னொரு சொல்லும் உண்டு. பொன்னின் மாற்றறியும் உரைகல்லுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'பாசனோஸ்'. ஏதென்ஸ் நீதிமன்றங்களில் அடிமையின் சாட்சி, வதைத்துப் பெறப்பட்டாலன்றிப் பொதுவாகச் செல்லாது. அவ்வதைக்கும் 'பாசனோஸ்' என்றே பெயர். உலோகத்தை உரசுவதும் மனித உடலை வதைப்பதும் ஒரே சொல்லாயின. புதிய ஏற்பாட்டில் நோயாளரின் வேதனையைக் குறிக்க (மத்தேயு 4:24) வருவதும் அச்சொல்லே.

7. அரசர் முகங்களும் தீருவின் சேக்கலும்

மகா அலெக்சாந்தர் ஏதென்ஸின் எடை அளவையே பின்பற்றி, ஒருபுறம் ஹெர்குலிஸ் தலையும் மறுபுறம் அரியணையில் அமர்ந்த சீயுஸ் தெய்வமும் கொண்ட வெள்ளிக்காசுகளை வெளியிட்டார். கி.மு. 330இல் பாரசீகத் தலைநகரான பெர்செபோலிசில் மட்டும் 1,20,000 தாலந்து மதிப்புள்ள செல்வம் கைப்பற்றப்பட்டதாகத் தியோதோரஸ் எழுதுகிறார். அவருக்குப்பின் வந்த அரசர்கள் தங்கள் முகங்களையே காசில் பதித்தனர். முன்பு தெய்வத்துக்குரியதாயிருந்த இடத்தில் மனிதன் ஏறினான். சீரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு, காசிலேயே தன்னை 'வெளிப்பட்ட தெய்வம்' என்று எழுதிக்கொண்டான். கி.மு. 167இல் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தியவனும் அவனே. மக்கபேயர் எழுச்சியின் பின்னணியில் அக்காசையும் வைத்துக் காண வேண்டும்.

தீரு நகரம் தன்னுரிமை பெற்று, கி.மு. 126-125 முதல் தன் வெள்ளிச் சேக்கலை அடிக்கத் தொடங்கியது. அதன் எடை ஏறத்தாழ 14 கிராம். நான்கு திரக்மா மதிப்புடையது. ஒருபுறம் தீருவின் தெய்வமாகிய மெல்கார்த்தின் தலை. மறுபுறம் கழுகும், தீரு தூயது, தீண்டலாகாதது என்னும் கிரேக்க எழுத்துக்களும். அந்தியோக்கியாவில் அடித்த காசுகளைவிட இது வெள்ளித்தூய்மையில் உயர்ந்தது. ஆகவே தேவாலயத்துக்குரிய செலுத்துகைகளைத் தீருவின் காசில் கணக்கிடும்படி யூத மரபுநூலாகிய மிஷ்னா கூறுகிறது. அரைச் சேக்கல் வரியே மத்தேயு 17:24இல் வரும் இரண்டு திரக்மா. மீனின் வாயில் கிடைத்த 'ஸ்டேட்டர்' நான்கு திரக்மா. எனவே இருவருக்குப் போதுமாயிற்று. சிலை வணக்கத்தை அறவே வெறுத்த தேவாலயம், அயல் தெய்வத்தின் முகம் பதிந்த காசை அதன் தூய்மைக்காக ஏற்றுக்கொண்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

8. முடிவுரை

யூதாசுக்குக் கொடுக்கப்பட்ட முப்பது வெள்ளிக்காசும் தீருவின் சேக்கல்களாகவே இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. முப்பது சேக்கல் என்பது யாத்திராகமம் 21:32இல், மாடு முட்டி இறந்த அடிமைக்காக அவன் எஜமானனுக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகை. ஆண்டவருக்கு இடப்பட்ட விலை அடிமைக்கு இடப்பட்ட விலை.

இதுவரை கண்ட வரலாற்றின் ஒளியில் அவ்விலையை எண்ணிப் பார்ப்போம். ஆந்தைக் காசில் தேவியின் முகம் உண்டு. நகரத்தின் பெயர் உண்டு. லௌரியோனின் இருளில் அவ்வெள்ளியை வெட்டியவனின் பெயர் அதில் இல்லை. காசைக் கண்டவர் அவனைக் காணவில்லை. அவனை எழுதியவரும் நாளொன்றுக்கு ஒரு ஒபல் என்றே எழுதினர். இவ்வாறு பெயரின்றி விலைமட்டும் இடப்பட்டோரின் வரிசையில் இயேசு பெருமானும் எண்ணப்பட்டார் என்பதையே முப்பது வெள்ளிக்காசு நமக்கு அறிவிக்கிறது. காசைப்பற்றிய திருமறைப் பகுதியை விளக்கும் ஆயரும் மாணவரும் அதன் மதிப்பை இன்றைய பணத்தில் கணக்கிட்டுச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அக்காசு யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்னும் கேள்வியையும் சபையின்முன் வைப்பது நம் கடமையாகும். நம் காணிக்கைத் தட்டில் விழும் காசுக்கும் அக்கேள்வி பொருந்தும்.